தோட்டத்துக்கு வர்ற பறவைங்களைப் பாக்கணுமா? தண்ணில இருந்து ஆரம்பிங்க

பறவை பாக்கணும்னு ஆசை வந்ததும் பெரும்பாலானவங்க முதல்ல பைனாகுலர் விலை பாப்பாங்க, அடுத்து ஆன்லைன்ல ஒரு ஃபீடர் (பறவைக்குத் தீனி போட்டு வைக்கிற தட்டு) ஆர்டர் போடுவாங்க, அதைத் தொங்கவிட்டு நாலு நாள் எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே வரலையேன்னு விட்டுடுவாங்க. நான் சொல்லப் போறது கிட்டத்தட்ட இதுக்குத் தலைகீழ். முதல்ல உக்காரணும், அப்புறம் தண்ணி வைக்கணும், அப்புறம் வந்தது என்ன பண்ணுதுன்னு கவனிக்கணும், பேரு, பைனாகுலர், தீனி எல்லாம் அதுக்கும் அப்புறம்தான். பெரிய தோட்டம் இருக்கணும்னு அவசியமே இல்ல. நாலு தொட்டி வச்ச பால்கனி, மொட்டை மாடி, பக்கத்து வீட்டு மரம் தெரியுற ஜன்னல், எதுவா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 1: ஒரே இடம், ஒரே நேரம்

காலைல வெளிச்சம் வந்ததுல இருந்து ஒரு ரெண்டு மணி நேரம்தான் சரியான டைம். ராத்திரி பூரா ஒண்ணும் சாப்பிடாம இருந்துட்டு வருதுங்க, அதனால இரை தேடுறதுல மும்முரமா இருக்கும், குரல் கொடுக்குறதும் அப்பதான் அதிகம். வெயில் ஏறினா அடங்கிடும், இருட்டுறதுக்கு முன்னால சாயங்காலம் இன்னொரு ரவுண்டு வரும். பதினஞ்சு நிமிஷம் போதும், ஆனா தினமும் உக்காரணும். வாரத்துல ஒரு நாள் மூணு மணி நேரம் உக்காருறதை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா நீங்க பறவைக்குப் பழகுறதை விட பறவை உங்களுக்குப் பழகுறதுதான் இங்க முக்கியம்.

நீங்க வெளிய வந்து நாற்காலிய இழுத்துப் போட்ட உடனே எல்லாம் அமைதியாயிடும், அது வழக்கம்தான், அஞ்சு நிமிஷம் ஆடாம இருந்தா ஒவ்வொண்ணா திரும்ப வந்து வேலையப் பாக்க ஆரம்பிக்கும். கைய நீட்டி "அதோ பாரு"ன்னு காட்டாதீங்க, திடீர்னு எந்திரிக்காதீங்க. பளிச்னு வெள்ளைச் சட்டை போடாம மங்கலான கலர்ல ஏதாவது போட்டுக்கோங்க. வீட்டுக்குள்ள இருந்து ஜன்னல் வழியா பாக்குறீங்கன்னா ரூம் லைட்டை அணைச்சிடுங்க, உள்ள இருட்டா இருந்தா அதுங்களுக்கு உங்களைத் தெரியாது.

பறவை ஆளை அடையாளம் வச்சுக்குமான்னு கேட்டா, வச்சுக்கும். அமெரிக்கால வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜான் மார்ஸ்லஃப்ன்னு ஒரு ஆய்வாளர், அவரும் அவர் டீமும் 2006-ல ஒரு குறிப்பிட்ட முகமூடிய மாட்டிக்கிட்டு காக்காய்ங்களைப் பிடிச்சு கால்ல வளையம் போட்டு விட்டாங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்த முகமூடியப் போட்டு யார் நடந்தாலும் காக்காய்ங்க கூட்டம் கூடிக் கத்துச்சு, அன்னிக்குப் பிடிபடாத காக்காய்ங்க கூட சேர்ந்துக்கிச்சு. அதனால உங்க தோட்டத்துக் காக்காகிட்ட கொஞ்சம் மரியாதையாவே நடந்துக்கோங்க.

ஸ்டெப் 2: தண்ணி

தானியம் வச்சா தானியம் தின்ற பறவைதான் வரும், அதாவது புறா, சிட்டுக்குருவி மாதிரி சிலது. ஆனா பூச்சி தின்றது, பழம் தின்றது, தேன் குடிக்கிறது எல்லாத்துக்குமே தண்ணி வேணும். குடிக்க மட்டும் இல்ல, குளிக்கவும். ஃபீடர் பக்கம் ஜென்மத்துக்கும் வராத பறவை தண்ணித் தட்டுக்கு வரும். அதனாலதான் செலவு பண்றதா இருந்தா முதல் செலவு இதுக்குன்னு அடிச்சுச் சொல்றேன்.

ஆழம் ரொம்ப முக்கியம். 2-ல இருந்து 5 செ.மீ. போதும், அதுக்கு மேல இருந்தா சின்னப் பறவை இறங்கவே பயப்படும். அகலமான மண் தட்டு, தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு எது வேணும்னாலும் ஓகே, ஆனா உள்பக்கம் வழவழன்னு இருக்கக் கூடாது, கால் வழுக்கும். வழவழப்பாத்தான் கெடைச்சுதுன்னா கூழாங்கல்லு நாலு போட்டுடுங்க, நடுவுல தண்ணிக்கு மேல தலை தெரியுற மாதிரி ஒரு கல்லு இருந்தா தேனீ, பட்டாம்பூச்சி கூட வந்து உக்காரும்.

எங்க வைக்கிறது? நிழல்ல. பக்கத்துல ஒரு செடியோ கிளையோ இருக்கணும், ஏன்னா குளிச்சு நனைஞ்ச பறவையால சட்டுன்னு பறக்க முடியாது, ஒரு தாவு தாவி உக்கார்ற தூரத்துல இடம் வேணும். ஆனா புதருக்கு ஒட்டி வச்சிடாதீங்க, பூனை உள்ள பதுங்கி உக்காந்து பாயும். ரெண்டு மூணு மீட்டர் இடைவெளி விட்டா ரெண்டுக்கும் சரியா இருக்கும்.

தினமும் தண்ணிய மாத்துங்க. கொசு முட்டை வளர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம் மாதிரி ஆகும்கிறதால தினமும் கொட்டி ஊத்துனா அந்தக் கவலையே இல்ல. ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை பிரஷ் வச்சு நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, சோப்பு வேணாம். இன்னொரு டிப்ஸ், ஒரு பழைய பாட்டில்ல ஊசி ஓட்டை போட்டு தட்டுக்கு மேல தொங்கவிட்டு சொட்டுச் சொட்டா விழ விடுங்க, அந்தச் சத்தத்துக்கே தூரத்துல போற பறவை திரும்பிப் பாக்கும்.

தட்டு வச்சிட்டீங்கன்னா ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. யாரு எப்படிக் குடிக்கிறாங்கன்னு கவனிங்க. பெரும்பாலான பறவைங்க அலகுல கொஞ்சம் அள்ளி, தலையத் தூக்கி, தொண்டைக்குள்ள இறக்கும். புறா அலகை முக்கி தலையத் தூக்காம ஒரே மூச்சா உறிஞ்சும். இதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் எந்தப் பறவையையும் சும்மா "ஏதோ குருவி"ன்னு தாண்டிப் போக மனசு வராது.

ஸ்டெப் 3: பேரைத் தேடாம முதல்ல ஆளைப் பாருங்க

புதுப் பறவை வந்ததும் கை தானா மொபைலுக்குப் போகும். நீங்க ஃபோட்டோ எடுக்க ஜூம் பண்றதுக்குள்ள அது போயிடும், உங்ககிட்ட மிஞ்சுறது ஆடுன இலை ஃபோட்டோ மட்டும்தான். அதனால முதல் அரை நிமிஷம் வெறும் கண்ணால பாருங்க, பாக்கும்போதே மனசுக்குள்ள சொல்லிக்கோங்க: சைஸ், அலகு, வால், நடை, இடம்.

சைஸ்னா செ.மீ. கணக்கு இல்ல, தெரிஞ்ச மூணு பறவையோட ஒப்பிட்டுப் பாருங்க. சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா 23-ல இருந்து 25, காக்கா 40-க்குப் பக்கம். புதுசா வந்தது சிட்டுக்குருவிய விடச் சின்னதா, மைனாவுக்கும் காக்காவுக்கும் நடுவுலயான்னு பாத்தாலே பாதி கதை முடிஞ்சுது. அடுத்து அலகு, அதுதான் சாப்பாட்டைச் சொல்லும். குட்டையா தடிச்சு முக்கோணமா இருந்தா விதை உடைக்கிற ஆளு, ஊசி மாதிரி மெல்லிசா இருந்தா பூச்சி, நீளமா வளைஞ்சிருந்தா பூந்தேன், நுனி கொக்கியா வளைஞ்சிருந்தா கறி கிழிக்கிற ஆளு. கிளியும் கொக்கி அலகுதான், ஆனா அதைப் பாத்து யாரும் பருந்துன்னு குழம்ப மாட்டீங்க.

நடையை நிறைய பேர் பாக்குறதே இல்ல, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச அடையாளம். சிட்டுக்குருவி ரெண்டு காலையும் சேத்து தத்தித் தத்திப் போகும். மைனா ஒவ்வொரு காலா எடுத்து வச்சு வீட்டுக்காரர் மாதிரி நடக்கும். காக்கா நடக்கவும் செய்யும், அவசரம்னா தத்தவும் செய்யும். வாலாட்டிக்குருவி நின்னாலும் நடந்தாலும் வால் மட்டும் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். பறக்குறதுலயும் இப்படித்தான், புறா நேர்கோட்டுல வேகமா போகும், மரங்கொத்தி ஏறி இறங்கி அலை அலையா போகும். கலர் தெரியாத வெளிச்சத்துல கூட இதெல்லாம் தெரியும், கலரை மட்டும் நம்புனா ஏமாறுவீங்க, ஏன்னா ஆண், பெண், குஞ்சு, இறகு உதிர்க்கிற சீசன்னு ஒரே பறவைக்கு நாலு வேஷம் இருக்கும். ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலத்துல கருநீலமா பளபளக்கும், அது முடிஞ்சதும் பெண் மாதிரி மங்கிப் போய் நெஞ்சுல ஒரு கருப்புக் கோடு மட்டும் மிஞ்சும், அதை வேற பறவைன்னே எழுதி வச்சிருப்பாங்க.

ஸ்டெப் 4: தெரிஞ்சதையே திரும்பத் தெரிஞ்சுக்கோங்க

ஆரம்பத்துல அபூர்வமா ஏதாவது வருமான்னு காத்திருக்காதீங்க. தினமும் வர்ற பத்துப் பறவைய நல்லாத் தெரிஞ்சுக்கிட்டா பதினொண்ணாவது வரும்போது "இது நம்ம கூட்டம் இல்லையே"ன்னு தானா தட்டுப்படும். சில பேரைப் பத்தி மட்டும் சொல்றேன், நீங்க இருக்கிற இடத்துல வேற ஆளுங்க இருப்பாங்க, ஆனா கவனிக்கிற முறை ஒண்ணுதான்.

கொண்டைக்குருவி. தலையில சின்னக் கருப்புக் கொண்டை, வாலுக்கு அடியில சிவப்பு. ஜோடியாத்தான் வரும், பழம் கொத்தும், பூச்சியும் பிடிக்கும், மனுஷனைப் பெருசா கண்டுக்காது, தொட்டிச் செடியிலயே கூடு கட்டுற தைரியம் உண்டு. தண்ணித் தட்டுக்கு முதல்ல வர்றதும் பெரும்பாலும் இதுதான்.

தவிட்டுக்குருவி தனியா வரவே வராது, ஆறு ஏழுன்னு கும்பலா தரையில இறங்கி இலைச் சருகைப் புரட்டிப் போடும், ஒரே சலசலப்பு. ஏழு சகோதரிகள்னு பேரே உண்டு. கூட்டத்துல ஒண்ணு மட்டும் கிளையில உக்காந்து காவல் பாக்குதான்னு பாருங்க. குஞ்சுக்குத் தீனி ஊட்டுறதும் அப்பா அம்மா மட்டும் இல்ல, கூட்டத்துல மத்ததும் ஊட்டும். அக்காக்குயில் இதுங்க கூட்டுலதான் முட்டையப் போட்டுட்டுப் போகும், அதனால தவிட்டுக்குருவி ஒண்ணு தன்னை விட பெரிய, வேற மாதிரி இருக்கிற குஞ்சுக்கு ஊட்டுறதைப் பாத்தா கண்ணைக் கசக்காதீங்க, நீங்க பாக்குறது சரிதான்.

குயிலுக்கு வந்தா ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும், கூவுறது ஆண். கன்னங்கரேல்னு, கண்ணு மட்டும் சிவப்பா. பெண் பழுப்பு நிறத்துல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோட இருக்கும், கூவாது, "கிக் கிக் கிக்"னு அவசரமா கத்தும். நம்ம பாட்டுல கதையில எல்லாம் பெண்ணைத்தான் கூவ விட்டிருக்கோம், பரவாயில்ல. குயில் முட்டை போடுறது காக்கா கூட்டுல, அதனால காக்காய்ங்க ஒரு கருப்புப் பறவையத் துரத்துறதைப் பாத்தா அது எதுக்குன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

தேன்சிட்டு நம்ம கட்டைவிரல் சைஸ்தான், ஆனா சண்டைக்காரன். ஜன்னல் கண்ணாடியிலயோ வண்டிக் கண்ணாடியிலயோ தன் உருவத்தையே எதிரின்னு நெனச்சுக் கொத்திக்கிட்டே இருக்கும், அப்படிப் பாத்தீங்கன்னா கண்ணாடிய ஒரு துணி போட்டு மூடிடுங்க, இல்லன்னா நாள் பூரா அதுலயே சக்தி போயிடும். நீளமான பூவா இருந்தா முன்பக்கம் போகாம அடியில ஓட்டை போட்டு தேனை எடுத்துடும். குஞ்சுக்குக் குடுக்குறது தேன் இல்ல, பூச்சியும் சிலந்தியும்தான். கூடும் சிலந்தி வலையால ஒட்டித் தொங்கவிட்ட குப்பை மூட்டை மாதிரி இருக்கும், காஞ்ச இலை சிக்கியிருக்குன்னு பிச்சுப் போட்டுடாதீங்க.

இரட்டைவால் குருவி, கரிச்சான்னும் சொல்வாங்க, வயர்ல உக்காந்து சட்டுன்னு கீழ பாஞ்சு பூச்சியப் பிடிச்சிட்டு அதே இடத்துக்கு வந்து உக்காரும். காக்கா, பருந்துன்னு பாக்காம தன்னை விடப் பெருசை எல்லாம் தலையில கொத்தித் துரத்தும். இது கூடு கட்டுற மரத்துலயே புறா, கொண்டைக்குருவி எல்லாம் பக்கத்துல கூடு கட்டிக்கும், இலவச பாதுகாப்பு.

தையல்சிட்டைப் பாக்குறதுக்கு முன்ன அதோட குரல்தான் காதுல விழும், இத்துனூண்டு உடம்புல இருந்து அவ்வளவு சத்தம் வருமான்னு இருக்கும். வால் செங்குத்தா நிமிந்து நிக்கும், பெரிய இலைய மடிச்சு ஓரத்துல ஓட்டை போட்டு நாரால தைச்சு உள்ள கூடு வைக்கும். செண்பகத்தைப் புதர் அடியில தேடுங்க, காக்கா சைஸ், செங்கல் நிற றெக்கை, சிவப்புக் கண்ணு, "ஊப் ஊப்"னு கனமான குரல், பறக்க சோம்பேறித்தனம்.

மைனாவைச் சாதாரணமா நெனைக்காதீங்க, ஆஸ்திரேலியாவுல கொண்டு போய் விட்ட இது அங்க உள்ளூர்ப் பறவைங்களோட கூட்டுப் பொந்தைப் பிடுங்குறதுல பேரு வாங்கியிருக்கு, உலகத்துலயே மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியல்லயும் இருக்கு. ஒரு ஊர்ல வீட்டுப் பறவை, இன்னொரு ஊர்ல தலைவலி.

ஸ்டெப் 5: காதைத் தீட்டுங்க

மரம் அடர்த்தியா இருந்தா கண்ணுக்கு ஒண்ணும் சிக்காது, ஆனா யார் யார் இருக்காங்கன்னு காது சொல்லிடும். ஒரே நாள்ல இருபது குரல் கத்துக்க முடியாது, வாரத்துக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. சத்தம் வர்ற திசையப் பாத்து, அலகு அசையுறதைக் கண்ணால பாத்தா மட்டும்தான் அந்தக் குரல் மண்டையில உக்காரும், யூடியூப்ல கேட்டா அடுத்த நாளே மறந்துடும். "டொக் டொக் டொக்"னு செம்பு தட்டுற மாதிரி விடாம ஒரு சத்தம் வந்தா மரத்து உச்சியப் பாருங்க, பச்சை உடம்பும் நெஞ்சுல சிவப்புமா குக்குறுவான் உக்காந்திருக்கும். சில சமயம் ரொம்ப நேரமா ஏதோ பறவை "கீச் கீச்"னு கத்துதேன்னு தேடிப் போனா அங்க அணில் உக்காந்திருக்கும், அதையும் லிஸ்ட்ல மனசுக்குள்ள வச்சுக்கோங்க.

முக்கியமா அலாரம் குரலைக் கத்துக்கோங்க. கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தவிட்டுக்குருவின்னு சம்பந்தமே இல்லாததெல்லாம் ஒரே இடத்துல கூடிக் கத்துனா அங்க பாம்போ பூனையோ பகல்ல தூங்குற ஆந்தையோ இருக்கு. அதுக்கு எதிரா, கலகலன்னு இருந்த தோட்டம் சட்டுன்னு ஸ்விட்ச் அணைச்ச மாதிரி அமைதியாயிடுச்சுன்னா மேல பாருங்க, பெரும்பாலும் வல்லூறு வந்திருக்கும்.

ஒண்ணே ஒண்ணு, பறவைய வரவைக்கிறதுக்காக மொபைல்ல அதோட குரலைப் போட்டுக் காட்டாதீங்க. எதிரி வந்துட்டான்னு நெனச்சு சண்டைக்கு வரும், முட்டை குஞ்சை விட்டுட்டு வரும், உங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஜாலி, அதுக்கு நாள் பூரா டென்ஷன்.

ஸ்டெப் 6: எழுதி வைங்க

தேதி, ஆரம்பிச்ச நேரம், எத்தனை நிமிஷம் உக்காந்தீங்க, வெயிலா மழையா, என்ன வந்துச்சு, என்ன பண்ணுச்சு. இவ்வளவுதான். எண்ணிக்கையில மட்டும் ஒரு ரூல் இருக்கு. கொண்டைக்குருவி அஞ்சு தடவை வந்து போச்சுன்னா அஞ்சுன்னு எழுதாதீங்க, அதே ஜோடி திரும்பத் திரும்ப வந்திருக்கும், ஒரே சமயத்துல அதிகபட்சம் எத்தனை பாத்தீங்களோ அதுதான் கணக்கு. பேரு தெரியலன்னா "மைனா சைஸ், மஞ்சள் வயிறு, தரையில நடந்துச்சு"ன்னு எழுதுங்க, தெரியாததைத் தெரிஞ்ச பேரா மாத்தி எழுதுறதை விட இது ஆயிரம் மடங்கு உபயோகம்.

பேரு கண்டுபிடிக்க மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் பண்ணது, ஃப்ரீ. ஃபோட்டோவைக் காட்டினாலும் சொல்லும், 2021-ல இருந்து குரலைக் கேட்டும் சொல்லுது. அது சொல்றதைத் தீர்ப்பா எடுக்காதீங்க, "இதுவா இருக்கலாம்"னு எடுத்துக்கிட்டு கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா மத்த பறவை மாதிரி மிமிக்ரி பண்ற பறவைங்க நிறைய. உங்க லிஸ்ட்டைப் போட்டு வைக்க ஈபேர்ட், அதுவும் கார்னெல் ஆளுங்க 2002-ல ஆரம்பிச்சது, உலகம் பூரா பொதுமக்கள் போடுற லிஸ்ட்டை விஞ்ஞானிங்க எடுத்து பறவை எண்ணிக்கை கூடுதா குறையுதான்னு பாக்குறாங்க. சாதாரணப் பறவையையும் விடாம போடுங்க, காக்கா எல்லாம் எதுக்குன்னு நெனைக்காதீங்க, நாளைக்கு அது குறைஞ்சா தெரியணும்ல. ஒவ்வொரு பிப்ரவரியும் நாலு நாள் நடக்குற பின்கட்டுப் பறவை கணக்கெடுப்பும் இருக்கு, 1998-ல தொடங்குனது, குறைஞ்சது 15 நிமிஷம் உக்காந்து எண்ணினா நீங்களும் சேர்ந்துக்கலாம்.

நோட்டுல எழுதி என்ன ஆகப் போகுதுன்னு தோணுறவங்களுக்கு, மார்கரெட் மோர்ஸ் நைஸ்னு ஒரு அம்மா. 1930-கள்ல அமெரிக்கால கொலம்பஸ் நகரத்துல குழந்தைங்களை வளத்துக்கிட்டே, வீட்டுக்குப் பக்கத்துல இருந்த பாட்டுச் சிட்டுங்களுக்கு கலர் வளையம் மாட்டி ஒவ்வொண்ணையும் தனி ஆளா அடையாளம் வச்சு வருஷக்கணக்கா எழுதினாங்க. பறவை நடத்தை ஆராய்ச்சியில இன்னிக்கும் அதைப் பெரிய வேலையா சொல்றாங்க.

ஸ்டெப் 7: இப்ப வேணும்னா பைனாகுலர்

ஒரு மாசம் மேல சொன்னதெல்லாம் பண்ணியும் ஆசை குறையலன்னா வாங்குங்க. 8×42 வாங்குங்க, அதுல 8-ங்கறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்கிறது, 42-ங்கறது முன்பக்க லென்ஸோட அகலம் மி.மீ. கணக்குல, அது பெருசா இருந்தா வெளிச்சம் அதிகமா உள்ள வரும். வெயிட் வேணாம்னா 8×32. 10 மடங்கு வேணும்னு போகாதீங்க, கை ஆடுறதும் 10 மடங்கா தெரியும். ஜூம் ஆகுற பைனாகுலர் பக்கமே போகாதீங்க. தோட்டத்துக்கு இன்னொண்ணு பாக்கணும், ரெண்டு மீட்டர் பக்கத்துல இருக்கிறது ஃபோகஸ் ஆகுதான்னு.

வாங்குனதும் முதல்ல செட் பண்ணுங்க. வலது லென்ஸை மூடிட்டு இடது கண்ணால ஒரு எழுத்தையோ இலையையோ பாத்து நடு வீல்ல ஃபோகஸ் பண்ணுங்க, அப்புறம் இடதை மூடிட்டு வலது கண்ணுக்கிட்ட இருக்கிற சின்ன வளையத்தைத் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்க. அதோட அந்த வளையத்தைத் தொடவே வேணாம், இனிமே நடு வீல் மட்டும்தான். கண்ணாடி போடுறவங்க கண்ணுப் பக்க ரப்பரை உள்ள இறக்கிடுங்க. பறவையப் பிடிக்கிற டெக்னிக் என்னன்னா, பறவை மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது, பைனாகுலரைத்தான் கண்ணுக்குக் கொண்டு வரணும். குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிந்தா பறவை எந்தக் கிளைன்னே தெரியாது. சூரியனைப் பாத்துடாதீங்க, கண்ணு போயிடும்.

ஸ்டெப் 8: தீனி, செடி

தீனி விஷயத்துல நான் கொஞ்சம் கறார். வைக்கலாம், தப்பில்ல, ஆனா கொஞ்சமா, சுத்தமா, அன்னிக்கே தீர்ற அளவு. கம்பு, தினை, சூரியகாந்தி விதை மாதிரி சமைக்காத தானியம். பிரெட்டு, பிஸ்கெட், உப்புப் போட்டது, எண்ணெயில பொரிச்சது, பூஞ்சை பிடிச்சது எதுவும் வேணாம். பாலும் வேணாம், பறவைக்கு அது செரிக்காது.

நிறைய கொட்டினா புறாக் கூட்டம் இடத்தைப் பிடிச்சிக்கும், மத்தது வராது. அதை விடப் பெரிய பிரச்சனை நோய். பல பறவை ஒரே தட்டுல எச்சமும் எச்சிலும் போட்டு சாப்பிடுறப்போ தொத்தும். பிரிட்டன்ல 2005-க்கு அப்புறம் கிரீன்ஃபின்ச்ங்கிற பச்சை நிறக் குருவிங்க தொண்டையில வர்ற ஒரு ஒட்டுண்ணி நோயால லட்சக்கணக்குல செத்துப் போச்சு, ஃபீடரும் தண்ணித் தொட்டியும் பரவுற இடமாச்சு. அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஃபீடரை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து ஊற வச்சு, நல்லா அலசி, வெயில்ல முழுசா காய வச்சு மாட்டுங்க. உடம்பை உப்ப வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கிட்டப் போனாலும் பறக்காத பறவையப் பாத்தா உடனே தீனியும் தண்ணியும் எடுத்துட்டு கொஞ்ச வாரம் நிறுத்திடுங்க, கூட்டம் கலையட்டும். செத்த பறவைய வெறும் கையால தொடாதீங்க.

ஃபீடருக்குப் பதிலா செடி வைங்கன்னுதான் சொல்வேன். செம்பருத்தி மாதிரி பூ இருந்தா தேன்சிட்டுக்கு சக்கரைத் தண்ணி கலக்கவே வேணாம். விழுந்த இலைய எல்லாம் கூட்டிப் பெருக்கி எடுக்காம ஒரு மூலையில விடுங்க, அதுதான் தவிட்டுக்குருவிக்கு சாப்பாட்டுத் தட்டு. பட்டுப் போன ஒரு கிளைய வெட்டாம விட்டா கரிச்சானும் மீன்கொத்தியும் உக்கார இடம் ஆச்சு, மீன்கொத்தின்னா தண்ணி பக்கம் மட்டும்தான்னு இல்ல, வெண்தொண்டை மீன்கொத்தி தோட்டத்துல பல்லி, ஓணான், பூச்சி பிடிச்சே காலத்தை ஓட்டும். பூச்சி மருந்து அடிக்கிறதை நிறுத்துங்க. விதை தின்ற பறவை கூட குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும், புழு இல்லாத தோட்டத்துல குஞ்சு வளராது.

ஸ்டெப் 9: கண்ணாடி, பூனை

வரவச்சு சாகடிச்ச மாதிரி ஆயிடக் கூடாது. ஜன்னல் கண்ணாடியில மரமும் வானமும் தெரியும், பறவை அதை நெஜம்னு நெனச்சு மோதும். அமெரிக்கால மட்டும் வருஷத்துக்கு 36 கோடியில இருந்து கிட்டத்தட்ட 100 கோடி பறவை வரைக்கும் கட்டிடத்துல மோதி சாகுதுன்னு 2014-ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு. பருந்து ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டினா பத்தாது, அந்த ஸ்டிக்கரை மட்டும் விலகிப் பக்கத்துல மோதும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில புள்ளி புள்ளியா ஒட்டுங்க, இல்லன்னா கயிறு வரிசையா தொங்கவிடுங்க. தண்ணித் தட்டையும் ஃபீடரையும் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள்ள வைங்க, அங்க இருந்து கெளம்புனா மோதுற வேகம் வராது, இல்லன்னா பத்து மீட்டர் தள்ளி வைங்க. ரெண்டுக்கும் நடுவுலதான் ஆபத்து.

பூனை வளக்குறீங்கன்னா காலையிலயும் சாயங்காலமும் உள்ள வைங்க. மணி கட்டினா மட்டும் போதாது, குஞ்சுக்கு மணி சத்தம் கேட்டு பறக்கத் தெரியாது.

ஸ்டெப் 10: கூடு, கீழ விழுந்த குஞ்சு

கூடு கட்டினது தெரிஞ்சா ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்ல முடியாது, உங்க வீடு, ஆனா நின்னு எட்டிப் பாக்குறது, கிளைய விலக்குறது, ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோ எடுக்குறது வேணாம். நீங்க அடிக்கடி போனா காக்காவும் பூனையும் உங்க பின்னாடியே வந்து இடத்தைக் கண்டுபிடிக்கும்.

குஞ்சு தரையில கெடந்தா முதல்ல இறகைப் பாருங்க. உடம்பு பூரா இறகு இருக்கு, வால் குட்டையா இருக்கு, தத்தித் தத்திப் போகுதுன்னா அது விழுந்த குஞ்சு இல்ல, பறக்கக் கத்துக்கிற குஞ்சு. அப்பா அம்மா பக்கத்துலதான் இருக்கும், நீங்க நின்னா வராது. பூனை பயம்னா பக்கத்துச் செடியில எடுத்து வச்சிட்டு உள்ள போயிடுங்க. இறகு முளைக்காம கண்ணு திறக்காம இருந்தா கூட்டைத் தேடி அதுலயே வச்சிடுங்க, மனுஷன் தொட்ட வாசனைக்கு தாய் சேத்துக்காதுங்கறது பொய். ஒரு மணி நேரம் தூரத்துல இருந்து பாருங்க, பெருசு வந்து ஊட்டுச்சுன்னா உங்க வேலை முடிஞ்சுது. ரத்தம், உடைஞ்ச றெக்கை, பூனை கடிச்சதுன்னா மட்டும் காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, இருட்டான அமைதியான இடத்துல வச்சிட்டு, உங்க பகுதி வனத்துறைக்கோ வன உயிர் மீட்பு ஆளுங்களுக்கோ ஃபோன் போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் வாயில தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்.